லடாக் பயணம்: அம்மாவுக்கு 67, மகனுக்கு 16. உயர நோய் வராமல் இருக்க என்ன செய்வது?

மாம்பலத்தான்
வணக்கம். ஜூன் கடைசியில் குடும்பத்தோடு லடாக் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பத்தாவது முடித்த மகன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 67 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார், அளவு கட்டுக்குள் இருக்கிறது. தினமும் பனகல் பார்க்கில் நடப்பவர். டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டம் இது: முந்தின நாள் ராத்திரி சென்னையில் ஏறி, டெல்லியில் மாறி, காலையில் லேயில் இறங்குவது. அன்று மதியமே சாந்தி ஸ்தூபி, லே அரண்மனை. இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய் தாண்டி நூப்ராவில் தங்கல். மூன்றாம் நாள் ஷ்யோக் வழியாகப் பாங்காங் ஏரி, கரையில் கூடாரத்தில் தங்கல். நான்காம் நாள் சாங் லா வழியாக லே. ஐந்தாம் நாள் விமானம். "எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், வண்டியில் ஆக்சிஜன் கேன் இருக்கும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அடையாறு நடை
உங்கள் மனசு சொல்வதுதான் சரி. இந்தத் திட்டத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

சென்னை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். நமக்குத் தெரிந்த உயரங்களோடு வைத்துப் பாருங்கள்: ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637, தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதனால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து லடாக் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது.

மலை மேல் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சதவீதம் எங்கும் 21தான். குறைவது காற்றழுத்தம். லேயில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். கர்துங் லா உச்சியில் கிட்டத்தட்ட பாதி. உடம்பு இதைச் சமாளிக்க முதலில் வேகமாக மூச்சு விடும், இதயம் வேகமாக அடிக்கும். அப்புறம் சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும். அதற்கு நாட்கள் ஆகும். காசு கொடுத்து அதை அவசரப்படுத்த முடியாது.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும்.

உங்கள் திட்டத்தை இதில் வைத்துப் பாருங்கள். முதல் இரவே 3,500. விமானத்தில் போனால் அதைத் தவிர்க்க முடியாது, அதனால்தான் அங்கே குறைந்தது 48 மணி நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று லே நிர்வாகமே வலியுறுத்துகிறது. இறங்கிய மதியமே ஸ்தூபிப் படி ஏறுவதும் மறுநாள் காலையே 5,300 மீட்டருக்கு மேல் போவதும் அம்மாவுக்கு மட்டுமில்லை, உங்கள் மகனுக்கும் ஆபத்துதான். நூப்ராவில் ஹுண்டர், திஸ்கித் ஊர்கள் லேயைவிடத் தாழ்வு, சுமார் 3,100. அங்கே தூங்குவதில் பிரச்சினை இல்லை. மூன்றாம் இரவு பாங்காங்கில், 4,250 மீட்டரில். ஒரே நாளில் 1,100 மீட்டருக்கு மேல் தாவல். இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய பயம் அதுதான்.

பெரம்பூர் புல்லட்
அண்ணா, ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நாங்கள் நண்பர்கள் மணாலியிலிருந்து பைக்கில் போனோம். தினமும் ஜிம் போகிற கூட்டம், வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிப் பழக்கம். லேசான தலைவலி தவிர எனக்கு ஒன்றும் இல்லை. மூச்சுப் பயிற்சியும் உடல் வலுவும் இருந்தால் போதாதா? கூட வந்ததிலேயே நல்ல உடற்கட்டு உள்ள ஒருவன் மட்டும் சர்ச்சூவில் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.

வேளச்சேரி டாக்டரம்மா
தம்பி, நீங்கள் கடைசியில் சொன்னதில்தான் பதில் இருக்கிறது. சர்ச்சூ 4,290 மீட்டர். மணாலி 2,050. இடையில் கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டு சர்ச்சூவில் படுத்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாவல். அங்கே வாந்தியும் தலைவலியும் வந்தால் முதலில் உயர நோய் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு காரணம் என்று நிரூபணமாகும் வரை அப்படியே நடத்த வேண்டும்.

உடல் வலுவுக்கும் உயர நோய்க்கும் தொடர்பு இல்லை. மாரத்தான் ஓடுபவருக்கும் வரும், நடக்கவே சோம்பல்படுபவருக்கு வராமலும் போகும். வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில நேரம் அவர்களுக்குத்தான் முதலில் வரும். ஏழு மலை ஏறுவது கால்களுக்கும் இதயத்துக்கும் நல்ல பயிற்சி, ஆனால் வெள்ளியங்கிரி உச்சி 2,000 மீட்டரைக்கூட எட்டாது. உயரத்தை அது பழக்காது. மெரினாவில் செய்யும் மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான்.

அறிகுறிகளை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண உயர நோய் என்பது போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கும் தலைவலி, கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல். காலையில் இறங்கி மதியம் "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று சுற்றக் கிளம்புபவர் மாலையில் படுத்துவிடுவது இதனால்தான். இந்த நிலையில் செய்ய வேண்டியது, அதே உயரத்தில் நின்றுவிடுவது. மேலே ஒரு அடிகூட ஏறக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, தலைவலிக்கு பாராசிட்டமால். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் கீழே இறங்க வேண்டும்.

உயிரை எடுப்பவை வேறு இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது. பொதுவாக இரண்டாவது இரவு வாக்கில் வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், படுக்க முடியாது, உதடு நீலம் பாரிக்கும், முற்றினால் சளி நுரையாக இளஞ்சிவப்பில் வரும். தலைவலியே இல்லாமலும் இது வரலாம். "சளி பிடித்திருக்கிறது, ஏசி அறை ஒத்துக்கொள்ளவில்லை" என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் நிறைய. இன்னொன்று மூளை வீக்கம். ஆள் தடுமாறுவார், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபப்படுவார், தூக்கத்திலேயே இருப்பார். சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் பெருவிரலில் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். இரண்டிலும் ஆக்சிஜன் கொடுத்தபடி உடனே இறக்க வேண்டும், குறைந்தது ஆயிரம் மீட்டர், நள்ளிரவானாலும் சரி. விடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் உயிர்கள் போகின்றன.

மாம்பலத்தான்
மேடம், மிக்க நன்றி. டயமாக்ஸ் போடலாமா? அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா? கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது, எடுத்துப் போகட்டுமா?

வேளச்சேரி டாக்டரம்மா
டயமாக்ஸ் என்பது அசிட்டசோலமைடு. கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து. சிறுநீரகம் செய்யும் அந்தச் சரிசெய்யும் வேலையை இது சீக்கிரப்படுத்துகிறது, அதனால் உண்மையிலேயே உடம்பு பழக உதவும், அறிகுறியை மறைக்காது. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மி.கி. காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கி, மேலே போய்ச் சேர்ந்த பின் இரண்டு நாள் வரை. விமானத்தில் நேராக 3,500 போகிற உங்கள் குடும்பத்துக்கு இது பொருத்தமான மருந்துதான். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை. சல்பா அலர்ஜி உள்ளவர்களும் சிறுநீரக, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அம்மாவின் பி.பி. மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருக்கும். இருந்தால் இரண்டும் சேர்ந்து உப்புச் சத்தைக் குறைத்துவிடலாம், அவருடைய டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். உயரத்தில் முதல் சில நாள் பி.பி. ஏறும், ஆகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

போட்டால் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா, கோலா எல்லாம் ருசி கெட்டுத் தெரியும். பயப்பட வேண்டாம். டாக்டர் சரி என்றால், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு சென்னையிலேயே ஓரிரு வேளை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒத்துக்கொள்ளவில்லை என்பது லேயில் போய்த் தெரிய வேண்டாமே.

ஆக்சிமீட்டரை எடுத்துப் போங்கள், ஆனால் கொரோனா கணக்கை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று அன்று பழகிவிட்டோம். லேயில் முதல் நாள் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 85 முதல் 92 வரை காட்டலாம். குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். மற்ற மூவருக்கும் 88 இருக்க ஒருவருக்கு மட்டும் 74 என்றால், அல்லது நாளுக்கு நாள் ஏறாமல் இறங்கினால், அது எச்சரிக்கை. எண் நன்றாக இருந்து ஆள் தடுமாறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மகனைத் தனியாகக் கவனியுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் பயணம் கெட்டுவிடும் என்று தலைவலியைச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டை ஒதுக்குகிறானா, போனைக்கூடத் தொடாமல் படுத்திருக்கிறானா என்று பாருங்கள்.

ஆவடி மாஜி
ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இருபது வயது ஜவானையே அங்கே ஓடவிட மாட்டார்கள். 9,000 அடி முதல் 12,000 அடி வரை உள்ள முதல் கட்டத்துக்கு ஆறு நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும், கழிவறைக்கும் சாப்பாட்டுக்கும் நடப்பதோடு சரி. அடுத்த இரண்டு நாள் சமதளத்தில் மெதுவான நடை. கடைசி இரண்டு நாள்தான் சிறு ஏற்றம். அப்புறம் 15,000 அடி வரைக்கு நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள். இந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. 1962 போரில் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட வீரர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. ராணுவ மருத்துவர் இந்தர்ஜித் சிங்கும் குழுவினரும் 1,925 வீரர்களைப் பற்றி 1969இல் எழுதிய ஆய்வு இன்றும் உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படுகிறது. விடுமுறையில் போகிற குடும்பத்துக்கு ஆறு நாள் கேட்க முடியாது, புரிகிறது. இரண்டு நாளாவது கொடுங்கள். விடுப்பு முடிந்து ஊரிலிருந்து திரும்பும் வீரரும் மறுபடி இந்தப் பழக்கத்தைச் செய்தாக வேண்டும், போன வருடம் போனேன் என்பது கணக்கில் வராது.

கயிலைப் பித்தன்
ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கயிலாய யாத்திரைக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

காட்மாண்டு வழியாகத் தரை மார்க்கமாகப் போகும் திட்டங்களில் திபெத் எல்லை ஊரான கேருங் 2,800 மீட்டர் வாக்கில் இருக்கும், அடுத்த தங்கல் சாகா, சுமார் 4,500. கேருங்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வைக்காத திட்டத்தில் சேரவே சேராதீர்கள். சாகாவில் படுக்கும் இரவில்தான் பாதிப் பேருக்கு மேல் முடியாமல் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன் பின் மானசரோவர் 4,590, கயிலையைச் சுற்றி வரும் பரிக்ரமாவில் டோல்மா லா கணவாய் 5,630. அரசு நடத்தும் யாத்திரையில் 18 முதல் 70 வயது, உடல் நிறைக் குறியீடு 25க்குள் என்று விதி வைத்து, டெல்லியிலும் வழியில் குஞ்சியிலும் மருத்துவப் பரிசோதனை செய்து, தகுதி இல்லை என்றால் திருப்பி அனுப்புகிறார்கள். தனியார் குழுவில் போகிறவர்கள் இந்தக் கண்டிப்பைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

கற்பூரம் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போனால் மூச்சுத் திணறாது என்று தலைமுறையாகச் சொல்கிறார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும், அவ்வளவுதான், ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் கூடாது. முகர்வதோடு நின்றால் பரவாயில்லை. சிலர் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கற்பூரம் விழுங்கினால் விஷம், வலிப்பே வரும். பூஜைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம். கயிலைக்கு நடந்து உடம்பு தேய்ந்துபோன அப்பர் பெருமானை இறைவன் பாதி வழியில்தான் நிறுத்தினார், திருவையாற்றில் கயிலைக் காட்சி கொடுத்தார். எங்கள் குழுவில் ஓர் அம்மா பரிக்ரமா வழியில் தங்கும் டிராபுக்கில் தடுமாறியபோது, பரிக்ரமாவை முடித்தே தீர வேண்டும் என்று அழுதார். அவரிடம் இதைச் சொல்லித்தான் இறங்கச் சம்மதிக்க வைத்தோம்.

மயிலைவாசி
நடுவில் ஒரு கேள்வி. அப்பா அம்மா நேபாளத்தில் முக்திநாத் சேவிக்கப் போகிறார்கள். பொக்ராவிலிருந்து ஜோம்சோம் விமானம், அங்கிருந்து ஜீப், அன்றே திரும்பிவிடுவது என்று திட்டம். பயப்பட வேண்டுமா?

அடையாறு நடை
பொக்ரா 820 மீட்டர், ஜோம்சோம் 2,700க்குச் சற்று மேல், முக்திநாத் 3,700க்கு மேல். தூங்காமல் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால் அபாயம் குறைவு. முடிந்தால் முந்தின இரவு ஜோம்சோமில் தங்கட்டும். கோயிலுக்கு ஏறும் படிகளில் நின்று நின்று போகச் சொல்லுங்கள். அங்குள்ள 108 நீர்த் தாரையிலும் ஓடி ஓடி நனைவது வழக்கம், அந்தக் குளிரில் அதை உங்கள் அப்பா தெளித்துக்கொள்வதோடு முடித்துக்கொள்வது நல்லது.

பெரம்பூர் புல்லட்
டாக்டர் மேடம் சொன்னதைப் படித்த பிறகு சர்ச்சூவில் நடந்தது வேறு மாதிரி தெரிகிறது. அடுத்த முறை ஸ்ரீநகர் வழியாகப் போகப் போகிறோம். ஆக்சிஜன் கேன் எத்தனை வாங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

அடையாறு நடை
ஸ்ரீநகர் வழி நல்ல முடிவு. ஸ்ரீநகர் 1,585, கார்கில் 2,676, அப்புறம் லே. படிப்படியாக ஏறும். நேரம் இருந்தால் இந்தக் குடும்பத்துக்கும் இதைத்தான் சொல்வேன்.

கையடக்க ஆக்சிஜன் கேனில் பத்து லிட்டர் வாக்கில்தான் வாயு இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் கொடுத்தால் ஐந்து நிமிடம். முற்றிய நோய்க்கு அதைவிடக் கூடுதல் வீதத்தில் மணிக்கணக்கில் தேவைப்படும். கேனை நம்பி ஒருவரைக் கூடாரத்தில் படுக்க வைப்பது கொடுமை. வண்டியில் ரெகுலேட்டரும் மாஸ்க்கும் பொருத்திய உண்மையான சிலிண்டர் இருக்கிறதா, அதில் வாயு இருக்கிறதா என்று லேயில் ஏறும் முன் திறந்து பார்த்துவிடுங்கள். அதுவும் இறங்கும் வழியில் தாக்குப்பிடிக்கத்தான்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. வறண்ட குளிர் காற்றில் நமக்கு வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது, ஆகவே நினைவாகக் குடிக்க வேண்டும். அதற்காக "ஐந்து லிட்டர் குடித்தால் உயர நோய் வராது" என்பதை நம்ப வேண்டாம். அளவுக்கு மீறிக் குடித்தால் உப்பு குறைந்து அதுவே தலைவலியும் குமட்டலும் தரும். சிறுநீர் வெளிர் நிறத்தில் போனால் போதும். மது, தூக்க மாத்திரை இரண்டும் இரவில் மூச்சைக் குறைக்கும், வேண்டவே வேண்டாம்.

மாம்பலத்தான்
எல்லோர் பதிலையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் விடுப்பு கூடுதலாக எடுக்கிறேன். புதுத் திட்டம் இப்படி: லேயில் இறங்கியதும் சுற்றாமல் நேராக ஆல்ச்சிக்குப் போய் அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் லே வந்து இரண்டு இரவு. அப்புறம் நூப்ராவில் ஓர் இரவு, மறுபடி லே. பாங்காங்கை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம், மகனுக்குத்தான் வருத்தம்.

அடையாறு நடை
அருமை. ஆல்ச்சி சிந்து நதிக் கரையில், லேயைவிடத் தாழ்வாக, 3,100 மீட்டர் அளவில் இருக்கிறது. முதல் இரவுகளுக்கு அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் சொல்ல முடியாது. பழைய மடாலய ஓவியங்களை ஏறாமலே பார்க்கலாம், அம்மாவுக்குப் பிடிக்கும். கர்துங் லாவில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள், அங்கே ஓடிப் படம் எடுப்பது, படி ஏறுவது எல்லாம் வேண்டாம்.

பாங்காங் பற்றி என் கருத்து உறுதியானது. உயரம் மட்டும் காரணமில்லை. ஏரிக்கரையில் ராத்திரி ஒருவருக்கு முடியாமல் போனால் இறங்குவதற்கு வழி நேராக இல்லை. லே திரும்ப 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லாவை ஏறித் தாண்ட வேண்டும். மூச்சுத் திணறும் ஆளை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோவது போல. கணவாய் ஏறாத வழி ஷ்யோக் ஆற்றோரமாக நூப்ரா போவதுதான், அந்தச் சாலை இரவில் நல்லதில்லை. சர்ச்சூவும் இரண்டு பக்கமும் கணவாய்கள் உள்ள இதே மாதிரிப் பொறிதான். எந்த இடத்தில் தங்குவதானாலும் "இங்கிருந்து ராத்திரி எப்படி இறங்குவேன்" என்று வரைபடத்தில் பார்த்த பிறகே அறை போடுங்கள். மகன் ஆசைப்பட்டால், லேயில் உடம்பு நன்றாகப் பழகிய பின் கடைசி நாட்களில் ஒருநாள், நீங்களும் அவனும் மட்டும் அதிகாலை கிளம்பிப் பார்த்துவிட்டு மாலை திரும்பலாம். அங்கே தூங்க வேண்டாம். அம்மா லேயில் இருக்கட்டும்.

ஆவடி மாஜி
இன்னொன்று. கிளம்பும் முன் நான்கு பேரும் உட்கார்ந்து பேசி, யாருக்கு முடியாவிட்டாலும் எல்லோரும் ஏறுவதை நிறுத்துவோம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். மேலே போனபின் இதைப் பேச முடியாது. உடம்பு முடியாதவரே "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்" என்பார், மற்றவர்களும் கொடுத்த பணத்தை நினைப்பார்கள். டிரைவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மாம்பலத்தான்
பேசிவிட்டோம் ஐயா. அம்மாதான் முதலில் சரி என்றார். டாக்டர் மேடம், அம்மாவின் மாத்திரையில் குளோர்தாலிடோன் இருக்கிறது, வரும் வாரம் அவருடைய டாக்டரைப் பார்க்கிறோம். அவசரம் என்றால் அங்கே யாரை அணுகுவது?

வேளச்சேரி டாக்டரம்மா
நல்ல வேளை பார்த்தீர்கள். லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனை, அரசு மாவட்ட மருத்துவமனை. உயர நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவர்கள். நூப்ராவில் திஸ்கித்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆல்ச்சியில் இருக்கும்போது யாருக்காவது கூடினால் லே வரச் சாலை நன்றாக இருக்கிறது. நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும். அம்மாவின் மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையிலேயே வையுங்கள், அவர் டாக்டர் எழுதிய சீட்டோடு.